சவ்வை உடைக்கும் பெப்டைடுகள்: நான்கு மாத ஆய்வுக்கு எதை எடுப்பது?

டிசம்பர் பிறந்துவிட்டால், நுண்ணுயிரியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு வந்து நிற்பார்கள். வேலூருக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் நான் வழிகாட்டத் தொடங்கிய காலத்தில் பெரும்பாலும் மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பதோ, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் குரோமியத்தைக் குறைப்பதோதான் தலைப்பாக இருக்கும். இப்போது நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள், அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. பெப்டைடு பாக்டீரியாவின் சவ்வை எப்படி உடைக்கிறது என்பதை ஆராய வேண்டும் என்று கேட்கிறார்கள்; நல்ல கேள்விதான். ஆனால் எந்தப் பெப்டைடை எடுப்பது என்பதில் தவறிவிட்டால், ஏப்ரலில் கையில் எண்கள் இருக்கும், விடை இருக்காது. பாலிமிக்சின் பி, நைசின், மெலிட்டின், எல்எல்-37 ஆகிய நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வருவதால், இவற்றுள் எது நம்முடைய கூடத்துக்குப் பொருந்தும் என்பதை ஒருமுறை விரிவாக எழுதி வைப்பது என் மாணவர்களுக்கும், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நம்முடைய கூடம் என்று நான் சொல்வது எதை என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், சென்ட்ரிஃபியூஜ், ஓரளவு ஒழுங்காக இயங்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஆகியவை நம்மிடம் இருக்கின்றன. வேதியியல் துறையில் கேட்டால், பொட்டாசியம் போன்றவற்றின் அளவைச் சுடரின் ஒளியைக் கொண்டு அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டரைத் தருவார்கள். ஒளிர்வை அளக்கும் ஃபுளோரிமீட்டர் கிடையாது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கட்டணம் கட்டி ஒரு நாள் வேறு நிறுவனத்துக்குப் போய்வரலாம். ஆனால் உப்பியும் கிழிந்தும் கிடக்கும் செல்லின் படம், அது கிழிந்ததால் செத்ததா, செத்தபின் கிழிந்ததா என்பதைச் சொல்லாது. இந்த ஆய்வில் விடை காண வேண்டிய கேள்வியே அதுதான்.

இந்தப் பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான இரண்டு இயல்புகள் உண்டு. அவற்றுக்கு நேர்மின்சுமை இருக்கும். நீரை நாடும் பக்கமும் கொழுப்பை நாடும் பக்கமும் தனித்தனியாக ஒதுங்கியிருக்கும். பாக்டீரியாவின் சவ்வில் பாஸ்பாட்டிடைல்கிளிசரால், கார்டியோலிப்பின் போன்ற எதிர்மின்சுமை கொண்ட கொழுப்புகள் கணிசமாக உள்ளன. நம் செல்களின் வெளிப்புறத்திலோ மின்சுமை சமன்பட்ட பாஸ்பாட்டிடைல்கோலினும் ஸ்பிங்கோமைலினும்தான் மிகுதி. அவற்றோடு சவ்வை இறுக்கிப் பிடிக்கும் கொலஸ்ட்ராலும் இருக்கிறது. பெப்டைடு பாக்டீரியாவை நாடி ஒட்டுவதற்கும், நம் செல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவதற்கும் அடிப்படை இந்த வேறுபாடுதான். ஒட்டிய பிறகு நடப்பதை விளக்க மூன்று மாதிரிகளைப் பாடத்தில் நடத்துகிறோம். பெப்டைடுகள் பீப்பாயின் பலகைகளைப் போல வட்டமாக நின்று துளையிடலாம். சவ்வின் கொழுப்புகளையே வளைத்துத் தம்மோடு துளையின் சுவராக்கிக்கொள்ளலாம். அல்லது பாய் விரித்தாற்போல் மேற்பரப்பை மூடி, ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் சவ்வையே சிதைத்துவிடலாம். முதல் வகைக்கு நன்கு நிறுவப்பட்ட சான்று, பூஞ்சையிலிருந்து வரும் அலமெத்திசின். மெலிட்டினும் தவளைத் தோலின் மகாயினினும் இரண்டாம் வகைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆய்வேட்டின் முன்னுரையில் இந்த மூன்று படங்களையும் வரைந்துவிட்டு, முடிவுரையில் ‘இது பாய் முறையில் செயல்படுகிறது’ என்று எழுதிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பாக்டீரியா வளரவில்லை என்பதை மட்டும் கண்டுவிட்டு அப்படி எழுத நமக்கு உரிமை இல்லை.

ஆகவே எது வலிமையாகக் கொல்கிறது என்று பார்த்துப் பெப்டைடைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சவ்வு உடைவதை, செல் சாவதற்கு முன்போ அதே நேரத்திலோ, நம் கருவிகளைக் கொண்டே எதில் காட்ட முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலால் பார்க்கும்போது நான்கும் ஒரே தரத்தில் நிற்பதில்லை.

என் முதல் தேர்வு பாலிமிக்சின் பி. 1947ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்ட இந்த மருந்தை, பீனிபேசில்லஸ் பாலிமிக்சா என்னும் மண் பாக்டீரியா உருவாக்குகிறது. பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு; அதில் வளையமாக ஒரு பகுதி, கொழுப்பமில வால் ஒன்று, ஐந்து நேர்மின்சுமைகள். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வின் புறப்பரப்பில் கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன; அவற்றின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறிவிடாமல், மக்னீசியமும் கால்சியமும் இடையில் அமர்ந்து பிணைத்து வைத்திருக்கின்றன. பாலிமிக்சின் இந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. பிணைப்பு தளர்ந்ததும் வால் உள்ளே நுழைகிறது, வெளிச்சவ்வு திறக்கிறது, அடுத்து வரும் மூலக்கூறுகள் அந்த வழியாகவே உட்சவ்வை அடைகின்றன.

இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் நம்மால் தனித்தனியே தொட்டுப் பார்க்க முடியும் என்பதே இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம். வெளிச்சவ்வு திறந்ததா என்று பார்க்க முட்டை வெள்ளைக்கரு லைசோசைம் போதும். லைசோசைம் பெரிய புரதம் என்பதால் முழுமையான வெளிச்சவ்வைத் தாண்ட முடியாது. பெப்டைடு வழிவிட்டால்தான் உள்ளே போய்ச் செல்சுவரைக் கரைக்கும். அப்போது 600 நானோமீட்டரில் கலங்கல் குறைவதைக் கண் முன்னே பார்க்கலாம். உட்சவ்வு திறந்ததா என்று அறிய, லாக்டோஸ் உள்ளேற்றும் பெர்மியேஸ் இல்லாததும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்னும் நொதியை எப்போதும் உண்டாக்கிக்கொண்டிருப்பதுமான ஈ.கோலை எம்எல்-35 இனத்தைப் பயன்படுத்த வேண்டும். ஓஎன்பிஜி என்னும் நிறமற்ற பொருள் தானாக உள்ளே போக முடியாது; சவ்வு திறந்தால் போகும், நொதியில் பட்டு மஞ்சளாகும், அதை 420 நானோமீட்டரில் அளக்கலாம். சாதாரண ஈ.கோலையை வைத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்தால் ஓஎன்பிஜி பெர்மியேஸ் வழியாகவே உள்ளே போய்விடும். எண் வரும், பொருள் இராது.

இதற்கு மேல் பாலிமிக்சினில் கிடைக்கும் வசதி வேறெதிலும் இல்லை. கொழுப்பு வாலையும் அதை ஒட்டிய அமினோ அமிலத்தையும் வெட்டிவிட்டால் எஞ்சும் நோனாபெப்டைடு வெளிச்சவ்வைத் திறக்கும், ஆனால் கொல்லாது. 1980களிலேயே தெளிவாக்கப்பட்ட செய்தி இது. ஆகவே அதே மூலக்கூறின் இரு வடிவங்களை அருகருகே வைத்து, வெளிச்சவ்வு திறப்பது மட்டும் சாவுக்குப் போதாது என்று ஒரு முதுநிலை மாணவரே தன் கையால் நிறுவிக் காட்டலாம். நோனாபெப்டைடு வாங்கப் பணம் இல்லையென்றால் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. சில மில்லிமோலார் மக்னீசியம் சேர்த்த குழாயில் பாலிமிக்சினின் வேகம் தளர்ந்தால், அயனிகளின் இடத்துக்குத்தான் போட்டி என்பதற்கு அதுவே நல்ல சான்று. வேதியியல் துறையில் சும்மா இருக்கும் ஒரு புட்டி, ஆய்வேட்டின் மையப் படத்தைத் தந்துவிடுகிறது.

இதே காரணத்தால் நீரில் கவனமாக இருக்க வேண்டும். பாலாற்றுப் படுகைக் கிணற்று நீர் கடினமானது. குழாய் நீரில் கழுவிக் காய வைத்த பீக்கரின் அடியில் வெள்ளைப் படலம் படிவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படலமே கால்சியமும் மக்னீசியமும்தான். கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும். பாக்டீரியாவை வளர்க்கும் முல்லர்-ஹின்டன் குழம்பிலும் லிட்டருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் கால்சியம், 10 முதல் 12.5 மில்லிகிராம் மக்னீசியம் என்று நெறிப்படுத்திய வகையையே வாங்க வேண்டும். இல்லையேல் சென்ற ஆண்டு மாணவரின் எண்ணும் இந்த ஆண்டு மாணவரின் எண்ணும் ஒத்துப்போகா.

பாலிமிக்சினில் நான் ஒருமுறை செய்த பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஒரு மாணவி, மருந்தேற்றிய காகித வில்லையைப் பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் வைக்கும் டிஸ்க் முறையில் சோதித்துவிட்டு, வளர்ச்சியற்ற வட்டம் சிறியதாக இருந்ததால் பாலிமிக்சின் வலுவற்றது என்று எழுதினார், நானும் கையெழுத்திட்டேன். பெப்டைடுகளுள் சிறியதே என்றாலும் பல மருந்துகளை விடப் பெரியதும் நேர்மின்சுமை உடையதுமான இந்த மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவாது. அகாரின் எதிர்மின்சுமைக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வட்டத்தின் அளவு பரவலின் அளவே அன்றிக் கொல்லும் ஆற்றலின் அளவன்று. பாலிமிக்சின் ஈ என்று சொல்லப்படும் கொலிஸ்டினுக்கு மருத்துவக் கூடங்களிலும் குழம்பில் நீர்த்துச் செய்யும் முறையையே பன்னாட்டு அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அந்த மாணவி உழைப்பில் குறை வைக்கவில்லை; முறையைத் தேர்ந்த இடத்தில் நான் விழிப்பாக இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பெப்டைடு ஆய்வில் டிஸ்க்கை நான் ஏற்பதில்லை.

பாலிமிக்சினுக்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு, அது கனமானதும்கூட. வேறு மருந்து எதற்கும் கட்டுப்படாத கிராம் நெகட்டிவ் தொற்றுகளுக்குக் கடைசியில் எடுக்கும் மருந்துகளில் இது ஒன்று. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்றுகிறார்கள். கொலிஸ்டினுக்கு எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. எனவே குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, எதிர்ப்புள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் ஆய்வை நம் கூடத்தில் அனுமதிக்கக் கூடாது. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. சவ்வு திறப்பதை மட்டும் அளப்பதென்றால் அந்த ஆபத்து இல்லை.

நைசின் முற்றிலும் வேறு வகை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பால் பாக்டீரியாவின் இந்தப் பெப்டைடில் 34 அமினோ அமிலங்களும் ஐந்து வளையங்களும் உண்டு. இது சவ்வின் பொதுவான மின்சுமையை மட்டும் நம்பி ஒட்டுவதில்லை. செல்சுவர் கட்டுவதற்கான செங்கலைச் சுமந்து வரும் லிப்பிட்-2 என்னும் மூலக்கூற்றின் பைரோபாஸ்பேட்டை முதல் இரண்டு வளையங்களால் கவ்விக்கொள்கிறது. எட்டு நைசினும் நான்கு லிப்பிட்-2உம் சேர்ந்து ஒரு துளை உருவாகிறது என்று கணித்திருக்கிறார்கள். பிடிமானம் இவ்வளவு குறிப்பாக இருப்பதால், மகாயினின் போன்றவை மைக்ரோமோலார் அளவில் செய்வதை நைசின் நானோமோலார் அளவில் செய்கிறது. சுவர் கட்டுவதும் நிற்கிறது, சவ்வும் ஓட்டையாகிறது. அழகான வேலைப்பாடு என்றே அதைச் சொல்வேன்.

விலை குறைவு, உணவில் சேர்க்க அனுமதி பெற்றது, கையாள ஆபத்தில்லாதது என்பவை நைசினின் பலங்கள். அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 1988இல் பதப்படுத்திய சீஸ் வகைகளுக்கு ஏற்றது. உணவுப் பொட்டலங்களில் 234 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. ஆனால் சந்தையில் கிடைக்கும் பொடியில் நைசின் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி உப்பு. பொடியின் எடையை நைசினின் எடை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் நாற்பது மடங்கு பிழை வரும். தூய நைசின் ஒரு மைக்ரோகிராம் 40 அலகு என்று வைத்துக்கொண்டு, அலகில் கணக்கிடுவது பாதுகாப்பானது. அதே அளவு உப்பை மட்டும் சேர்த்த குழாயும் உடன் இருக்க வேண்டும். தவிர, கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வை நைசினால் தனியே தாண்ட முடியாது. ஈடிடிஏ சேர்த்து அயனிகளைப் பிடுங்கினால்தான் வழி கிடைக்கும்.

ஆற்காட்டு மக்கன் பேடா செய்யும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர், கோவா கெடாமல் இருக்க நைசினை ஆராயலாமா என்று கேட்டார். பயனுள்ள கேள்வி அது. ஆனால் நைசின் அமிலச் சூழலில்தான் நன்றாகக் கரைந்து நிலைத்திருக்கும். கோவாவோ நடுநிலையை ஒட்டியது. போதாக்குறைக்கு நைசின் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், கோவாவிலோ கொழுப்பு மிகுதி. அந்தத் தலைப்பில் உணவியல் ஆய்வு நன்றாக வரும். சவ்வு எப்படி உடைகிறது என்ற கேள்விக்கு அது இடமில்லை. அவர் உணவியல் கேள்வியையே எடுத்தார், நன்றாகவே முடித்தார்.

மெலிட்டின் பற்றிப் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மாணவி கேட்டது. “சார், எங்க மாமா ஜவ்வாது மலையில தேன் எடுக்கறாரு. தேனீ விஷத்த எடுத்தே பண்ணலாமா?” மெலிட்டின் தேனீ விஷத்தின் உலர் எடையில் பாதி என்பதால் அந்த ஆசை இயல்பானது. தடை என்னவென்றால், அதே விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. அதுவும் சவ்வின் கொழுப்பைத்தான் வெட்டும். மெலிட்டின் அதற்குத் துணையும் செய்யும். பச்சை விஷத்தை வைத்துக்கொண்டு எது உடைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. செயற்கையாகத் தயாரித்த மெலிட்டினையே வாங்க வேண்டும். தேனீக் கொட்டு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

26 அமினோ அமிலங்களே கொண்ட மெலிட்டின் பாக்டீரியாவையும் நம் சிவப்பணுவையும் வேறுபாடு பாராமல் உடைக்கும். மருந்துக்கு இது குறை. பாடத்துக்கு இதுவே வாய்ப்பு. சிவப்பணுவில் துளை விழுந்தால் முதலில் வெளியேறுவது பொட்டாசியம். ஹீமோகுளோபின் துளையை விடப் பெரியது என்பதால் உள்ளேயே நிற்கும். உள்ளே நிற்கும் அந்தப் புரதத்தின் சவ்வூடு அழுத்தம் நீரை இழுக்க, செல் உப்பி வெடித்த பிறகுதான் சிவப்பு நிறம் வெளியே வரும். ஃபிளேம் போட்டோமீட்டரில் பொட்டாசியத்தையும், 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபினையும் நிமிடத்துக்கு நிமிடம் அளந்தால் இரண்டு கோடுகளும் விலகி ஓடுவதைக் காணலாம். (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலான தாங்கலில், பொட்டாசியம் பாஸ்பேட் தாங்கலைத் தவிர்த்துச் சோடியம் தாங்கலைப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் யாராவது ஒருவர் மறந்துவிடுகிறார்.) வெவ்வேறு அளவுள்ள சங்கிலி மூலக்கூறுகளான பாலிஎத்திலீன் கிளைக்கால்களை வெளியே சேர்த்துப் பார்த்தால், துளை வழியாகப் போக முடியாத அளவுள்ளது செல் வெடிப்பதைத் தடுக்கும், எந்த அளவில் தடை தொடங்குகிறது என்பதிலிருந்து துளையின் அகலத்தை மதிப்பிடலாம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையை அளந்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இதில் இரத்தம் எங்கிருந்து என்பதே சிக்கல். மனித இரத்தத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு டிசம்பரில் விண்ணப்பித்தால் காலம் போதாது. கறிக்கடையில் செம்மறி இரத்தம் எளிதில் கிடைக்கும் என்றாலும், செம்மறியின் சிவப்பணுச் சவ்வில் பாஸ்பாட்டிடைல்கோலின் கிட்டத்தட்ட இல்லை, ஸ்பிங்கோமைலினே நிறைந்திருக்கிறது. அதில் கிடைத்த எண்ணை மனிதருக்குப் பொருத்தி எழுதக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்த ஈடிடிஏ போகும்படி அணுக்களை மூன்று முறையாவது கழுவ வேண்டும்.

எல்எல்-37 நம் உடலே உண்டாக்குவது என்பதால் மாணவர்களை மிகவும் கவர்கிறது. கேத்தலிசிடின் என்னும் பெப்டைடுக் குடும்பத்தில் மனிதரிடம் உள்ளது இது ஒன்றுதான். வெள்ளணுக்களிலும் தோலிலும் இருக்கிறது. ஆயினும் முதல் ஆய்வுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். 37 அமினோ அமிலங்களைச் செயற்கையாகக் கோத்துத் தூய்மையாக்கிய பொருள் என்பதால் சில மில்லிகிராமுக்கே துறையின் நுகர்பொருள் பணம் போய்விடும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பாலிஸ்டைரீன் தட்டில் வைத்தால் நாம் ஊற்றிய அளவு ஒன்று, பாக்டீரியா கண்ட அளவு வேறொன்று. உப்பும் சீரமும் இதன் வேகத்தைக் குறைத்துவிடும். நீர்த்த பாஸ்பேட் தாங்கலில் அருமையாகக் கொல்வது, குழம்பில் ஒன்றும் செய்யாமல் நிற்கும். சவ்வை உடைப்பதோடு நில்லாமல் நோயெதிர்ப்புச் செல்களை அழைப்பது போன்ற வேறு பணிகளும் இதற்கு உண்டு. ஃபுளோரிமீட்டரும் செல் வளர்ப்புக் கூடமும் உள்ள இடத்தில் முனைவர் பட்டத்துக்கு இது நல்ல பொருள்.

மகாயினினையும் சிலர் கேட்பார்கள். மைக்கேல் சாஸ்லாஃப் 1987இல் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் கண்டது அது. அதிலிருந்து உருவாக்கிய பெக்சிகனான் என்னும் களிம்பு சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு வருவதாக இருந்தது. 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை, 2016இல் முடிந்த பெரிய சோதனைகளிலும் வெற்றுக் களிம்பை விட மேலானதாகத் தேறவில்லை. ஆறாத கால் புண்ணோடு நம் மாவட்டத்து மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கும் நமக்கு இந்தச் செய்தி வருத்தம் தருவது. குழாயில் சவ்வை உடைப்பதற்கும் புண்ணில் உடைப்பதற்கும் நடுவே சீழும் உப்பும் நொதிகளும் இருக்கின்றன என்பதை எந்த மாணவரும் மறந்துவிடக் கூடாது.

இலைச் சாற்றிலிருந்து பெப்டைடு எடுக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். தாவரங்களில் தயோனின், டிஃபென்சின் போன்றவை உண்மையிலேயே உண்டு. ஆனால் பச்சைச் சாற்றில் சபோனின்களும் இருக்கும். அவை கொலஸ்ட்ராலோடு சேர்ந்து சிவப்பணுவை உடைத்துவிடும். பிரித்துத் தூய்மையாக்கும் வசதி இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை ஆகஸ்டிலேயே வாங்கிவிட்ட குழு மெலிட்டினை எடுக்கட்டும். உணவில் ஆர்வமும் குறைந்த பணமும் உள்ளவர்கள், வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவோடு நைசினை எடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் பாலிமிக்சின் பி. ஆய்வகத்துக்கான தூய சல்பேட் பொடியை வாங்கி, முதல் வாரத்திலேயே சிறு சிறு குழாய்களில் பிரித்துக் கழித்தல் 20 டிகிரியில் வைத்துவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் மின்சாரம் போய் ஃபிரீசர் இளகினாலும் ஒவ்வொரு குழாயும் ஒருமுறைக்கு மேல் உருகி உறையாதபடி பனிக்கட்டிப் பெட்டி ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

முதல் சோதனையாக எட்டுக் குழாய்களே போதும். எல்லாவற்றிலும் ஈ.கோலை எம்எல்-35, ஓஎன்பிஜி. நான்கில் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் பாலிமிக்சின், அந்த நான்கில் இரண்டில் மக்னீசியம். மருந்தில்லாத நான்கிலும் அதேபோல் இரண்டில் மக்னீசியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 420இல் அளவும், அதே நேரத்தில் நீர்த்துத் தட்டில் ஒரு துளியும். மருந்து மட்டும் உள்ள குழாய்களில் மஞ்சள் ஏறத் தொடங்கும் நிமிடத்தையும், தட்டில் காலனிகள் குறையத் தொடங்கும் நிமிடத்தையும் ஒரே வரைபடத் தாளில் குறித்து, மக்னீசியம் சேர்த்த குழாய்களின் கோட்டை அதன் கீழே வரைந்து, அந்தத் தாளோடு என்னை வந்து பார்க்கவும்.